சட்டைக்கு ஓட்டு இல்லை

காலை ஏழு நாற்பது. மலேசியாவின் சுங்கை சிப்புட் அருகே, பழைய ரப்பர் தோட்டத்து மக்களின் தாமான் குடியிருப்பு. துணியால் வாய் கட்டிய மூன்று ரப்பர் பால்வாளிகளை மண்டபத்துத் திரைக்குப் பின்னால் வைக்கிறார், இன்றைய தலைவர் தேர்தலை நடத்தும் தேவி அக்கா. வாளிக்கு ஒரு வேட்பாளர் படம். துணியில் ஒரு ஓட்டை. வீட்டுக்கு ஒரு ஓட்டு. அது சாயம் பூசிய ரப்பர் கொட்டை.

இதுவரை குடியிருப்புத் தலைவரை ஆளுங்கட்சிதான் நியமித்தது. ஆட்சி மாறினால் தலைவர் மாறுவார். வெள்ளம் வடியக் கால்வாய் கேட்கும் மனு முதலிலிருந்து தொடங்கும். மழை பெய்தால் வீட்டுக்குள் தண்ணீர்.

"நீங்க தேர்ந்தெடுக்கிறவரைக் கட்சிகள் ஏத்துக்குமா?" என்று அக்காவிடம் கேட்கிறேன்.

"எல்லா வீடும் ஓட்டு போடுது லா. அப்புறம் மாத்திப் பாக்கட்டும்."

கட்சிச் சட்டையில் கிளைத் தலைவர் வருகிறார். அக்கா கையை நீட்டி மறிக்கிறார்.

"கட்சிச் சட்டையோட உள்ள போக முடியாதுண்ணே."

"நானும் இந்தத் தாமான்காரன்தானே, தேவி?"

"உங்களுக்கு ஓட்டு இருக்கு. சட்டைக்கு இல்ல லா."

வரிசை சிரிக்கிறது. அவரும் சிரித்துவிடுகிறார். மண்டபத்தின் பின்புறம் போய், சட்டையை உள்பக்கம் வெளியே தெரியும்படி திருப்பிப் போட்டுக்கொண்டு வந்து, வரிசையின் கடைசியில் நிற்கிறார்.