கோபுரத்து விரிசலில் மூன்று கண்ணாடிகள்

உலகத்துக் கோயில்களைப் பார்ப்பது எனக்கு ஒரு பைத்தியம். வளைகுடாவில் பதினான்கு வருடம் கட்டட என்ஜினீயராக இருந்தேன். கிடைத்த விடுமுறையில் பாதியை ஊருக்குக் கொடுத்தேன், மீதியை இதற்குக் கொடுத்தேன். எத்தியோப்பியாவில் ஒரே பாறையை மேலிருந்து கீழாகக் குடைந்த கோயிலுக்குள் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றிருக்கிறேன். நார்வேயில் தார் பூசிக் கறுத்துப்போன மரக்கோயில் ஒன்றைக் குளிரில் நடுங்கியபடி மூன்று முறை சுற்றி வந்திருக்கிறேன். எங்கே போனாலும் நான் முதலில் பார்ப்பது பீடத்தை அல்ல, சுவர் தரையைத் தொடும் இடத்தை. கட்டடத்தின் வியாதி அங்கேதான் தொடங்கும். ஊர் உலகமெல்லாம் இப்படிப் பார்த்துத் திரிந்தவன் சொந்த ஊர்க் கோயிலில் கோட்டை விட்டேன்.

எங்கள் மாதா கோயில் திருவாரூர்ப் பக்கம், வயல்களுக்கு நடுவே இருக்கிறது. ஒரு பிரெஞ்சு சாமியார் தன் ஊர்க் கோயிலின் படத்தைப் பார்த்துக் கட்டியது என்பார்கள். அந்த மாதிரி ஊசிக் கோபுரங்களைப் பிரான்சில் பார்த்திருக்கிறேன். அழகுதான், ஆனால் நான் பார்த்தவை கெட்டித் தரையில் நிற்கின்றன. எங்கள் ஊரில் அடியில் களிமண். சித்திரையில் கை நுழைகிற அளவுக்கு வெடிக்கும், வாய்க்காலில் தண்ணீர் வந்ததும் ஊறி உப்பும். கோயிலின் உடம்பு லேசு, முன்னால் நிற்கும் கோபுரம் கனம். இரண்டும் சேர்கிற மூலையில் ஒரு விரிசல், கீழே நூல் போலத் தொடங்கி மேலே விரல் நுழையும் அகலத்துக்குப் போயிருந்தது. இத்தாலியில் சாய்ந்த கோபுரத்தைப் பார்க்க டிக்கெட் வாங்குகிறார்களே, நமக்கும் நாலு டூரிஸ்ட் பஸ் வரட்டும் என்று ஊரில் கேலி பேசினார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

காரணம் என் தங்கை. விரிசலுக்கு நேர் கீழே பாடகர் மாடி. பாடகர் குழுவை நடத்துகிறவள் அவள்தான். கீபோர்டை வைத்துக்கொண்டு அவள் உட்காருகிற நாற்காலி அந்த மூலையிலேயே இருந்தது, அவளைச் சுற்றிப் பதினைந்து பேர்.

நான் ஊருக்கே திரும்பி வந்து தஞ்சாவூரில் கட்டட வேலைகள் எடுக்கத் தொடங்கிய வருடம், மாடியை மூடிவிடலாம் என்று பங்குச் சாமியாரிடம் சொன்னேன். அவர் தயங்கினார். ஆவணியில் திருநாள் வருகிறது, மேலிருந்து பாட்டு இறங்காத திருநாளை ஜனங்கள் பார்த்ததே இல்லை என்றார். அப்போது என் மூளை வேலை செய்தது. பள்ளிக்கூட லேபில் மைக்ராஸ்கோப்புக்கு வைப்பார்களே, அந்த மெல்லிய கண்ணாடித் துண்டுகள் மூன்றை விரிசலுக்குக் குறுக்கே வைத்து, இரண்டு முனையையும் சிமெண்டால் பூசினேன். சுவர் மயிரிழை நகர்ந்தாலும் கண்ணாடி பட்டென்று உடையும். ஈர சிமெண்டில் ஆணியால் தேதியைக் கீறினேன். எங்கள் தொழிலில் அது வழக்கம். சாமியார் தன் பங்குக்கு ஒரு ஜெபம் சொல்லி மூன்றின் மேலும் தீர்த்தம் தெளித்தார். நல்லதுதானே என்று நானும் சிலுவை போட்டுக்கொண்டேன்.

கோயில் சாவி, மணி, விளக்கு எல்லாம் உபதேசியார் பொறுப்பு. நாற்பது வருடமாக அவர்தான். எள் என்றால் எண்ணெயாக நிற்கிற மனிதர். அவரிடம் நான் சொன்னது இதுதான்:

"தினம் ஒரு தடவை ஏறிப் பாருங்கய்யா. திருநாள் வரைக்கும் கண்ணாடி முழுசா இருந்தாத்தான் மேல பாட விடுவேன்."

அவர் தலையாட்டினார். தஞ்சாவூரில் வேலையில் இருந்த எனக்கு வாரம் தவறாமல் போன் செய்தார். கண்ணாடி முழுசா இருக்கு தம்பி என்பார், வைத்துவிடுவார். எனக்கு நிம்மதி.

ஆனியில் கடைமடை வரை தண்ணீர் வந்து சேர்ந்தது, வயலெல்லாம் சேறானது. அந்த வாரம்தான் தங்கை முதல்முறை சொன்னாள், கீபோர்டு மேல் சுண்ணாம்புத் தூள் விழுகிறது என்று. பழைய கோயில், விழத்தான் செய்யும் என்றேன். அடுத்த வாரம் மாடிப் படிக்கட்டுக் கதவு இறுகிவிட்டது, தோளால் இடித்துத் திறக்க வேண்டியிருக்கிறது என்றாள். ஈரக்காற்றில் மரம் ஊறும் என்றேன். கோபுரத்துப் புறாக்கள் எல்லாம் பள்ளிக்கூடக் கூரைக்குக் குடிபோய்விட்டன என்று சொன்னபோது எனக்குக் கோபமே வந்தது. நீ பாட்டு டீச்சர், நான் என்ஜினீயர், கண்ணாடி முழுசா இருக்கு, பயந்தாங்கொள்ளித்தனமாகப் பிள்ளைகளையும் பயமுறுத்தாதே என்று கோயில் வாசலில் பாடகர்கள் எல்லோர் முன்னாலும் சத்தம் போட்டேன். அவள் கீபோர்டு துடைக்கிற துணியை எடுத்துக்கொண்டு மேலே ஏறினாள். அவள் முதுகைப் பார்த்தது நினைவிருக்கிறது.

கொடியேற்றத்துக்கு மூன்று நாள் முன்பு, ஒரு சாயங்காலம், நானே ஏறிப் பார்த்தேன். மாடியில் பாட்டுப் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. மூன்று கண்ணாடியும் பளிச்சென்று முழுசாக இருந்தன. திருப்தியோடு திரும்பப் போனவன் தேதியைத் தேடினேன். கீழ்க் கண்ணாடியில் தேதி இல்லை. நடுக் கண்ணாடியிலும் இல்லை. மேலே இருந்த கண்ணாடியின் சிமெண்டை விரலால் அழுத்தினேன். விரல் உள்ளே போனது. பூசி ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது.

கீழே பீடத்துக்குப் பின்னால் இருக்கும் அறையில் உபதேசியார் மெழுகுவர்த்தித் தண்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். கேட்டேன். ஒளிக்கவே இல்லை.

"மந்திரிச்சு வச்ச கண்ணாடி. உடைஞ்சதை அப்படியே கோயிலுக்குள்ள விட்டு வைக்கலாமா தம்பி? அதுவும் திருநாள் சமயத்துல. அதான் பள்ளிக்கூடத்துல வாங்கி மாத்தி மாத்தி வச்சேன்."

அலமாரி இழுப்பறையைத் திறந்தார். பழைய பீடத் துணியில் ஒரு மூட்டை. மந்திரித்த பொருளைக் குப்பையில் போடக் கூடாது, திருநாள் முடிந்ததும் கல்லறைத் தோட்டத்தில் புதைக்கலாம் என்று வைத்திருந்தாராம். உள்ளே ஒவ்வொரு கண்ணாடியின் சில்லுகளும் தனித்தனிக் காகிதத்தில் பத்திரமாக மடிக்கப்பட்டிருந்தன. நான் பிரித்துக்கொண்டே போனேன். ஒன்பது பொட்டலம். முதல் கண்ணாடி எப்போது உடைந்தது என்று கேட்டேன். வாய்க்காலில் தண்ணீர் வந்த வாரம் என்றார். கடைசிப் பொட்டலம் சற்று முன்புதான் மடித்தது.

அவரைத் திட்ட வாய் வரவில்லை. பாட்டு நிற்கக் கூடாது என்றுதான் அவரும் ஆசைப்பட்டார். கண்ணாடி முழுசாக இருக்க வேண்டும் என்று சொன்னவன் நான். உடைவதற்காகத்தான் அதை வைத்தேன் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. மேலே என் தங்கை மாதா பாட்டின் பல்லவியை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவள் குரல் எங்கள் தலைக்கு மேல் வந்தது.

படிகளில் நான் எப்படி ஏறினேன் என்று தெரியாது. ஒவ்வொருவராக, ஓடாமல், சுவரில் கை வைக்காமல் இறங்குங்கள் என்று சொன்னேன். பதினைந்து பேரும் இறங்கினார்கள். தங்கை கடைசியாக வந்தாள். கீபோர்டை விட்டுவிட்டு வா என்று கத்தினேன். அவள் அதன் மேல் ஒரு விரலை இழுத்து, வெள்ளையாக ஒட்டிய தூளை என் முகத்துக்கு நேரே காட்டினாள்.

"ஆறு வாரமா சொல்றேன் அண்ணே. நான் சொன்னா போதாது, கண்ணாடி சொல்லணும் உனக்கு."

அந்தத் திருநாளில் பாடகர்கள் தரையில் நின்று பாடினார்கள். மணி அடிக்கவில்லை. படித்தவன் பாட்டைக் கெடுத்தான் என்று யாரோ என் காதுபடச் சொன்னார்கள். கோபுரத்தை இறக்குவதா, தாங்கு கொடுப்பதா என்று கமிட்டி இன்னும் பேசிக்கொண்டிருக்கிறது. படிக்கட்டுக் கதவுக்குப் பூட்டு, சாவி என்னிடம். புதிதாக மூன்று கண்ணாடி வைத்தேன், தீர்த்தம் தெளிக்க விடவில்லை. ஞாயிறுதோறும் பூசைக்கு முன்னால் தனியாக ஏறி, முதலில் தேதியைத் தடவிப் பார்க்கிறேன். போன ஞாயிறு மேல் கண்ணாடி உடைந்திருந்தது.

கீழே இறங்கி வந்தேன், கோயில் நிறைய ஜனம். தங்கை பாட்டுப் புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். அவள் நிற்கிற இடத்திலும் ஏதாவது விழுகிறதா என்று கேட்டேன். அவள் தலை நிமிரவில்லை.

"கண்ணாடியப் போய்ப் பாரு அண்ணே" என்றாள்.