தொட்ட காய்

இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் திணித்துக்கொண்டு சதுரங்கப் பலகையை வெறித்துக்கொண்டிருப்பார். தொட்ட காயை நகர்த்தியே ஆகவேண்டும் என்பது அவர் ஆடும் மன்றத்துச் சட்டம். தன் கையை நம்பாதவர் அவர். யாராவது அவசரப்படுத்தினால் "பொறு, பொறு" என்பார். அதனால் பெயரே 'பொறு அண்ணன்' என்றாகிவிட்டது.

பிழைப்பு லிஃப்ட் பழுதுபார்ப்பது. இரண்டு மாடிக்கு நடுவே மாட்டிக்கொண்டவர்கள் தொண்டை கிழியக் கத்தினாலும், கதவிடுக்கில் வாயை வைத்து, "பொறுங்க, பிரேக்கப் பாத்துட்டுத்தான் இறக்குவேன்" என்பார். அங்கே அந்தக் குணம் பல உயிரைக் காத்திருக்கிறது.

ஆட்டத்தில் அதே குணம் எமனாக வந்தது. "யானையக் குடுத்தா அவன் ராஜா வெட்டவெளியில நிப்பான். ஆனா அடி சறுக்குச்சுன்னா யானையும் போச்சு, ஆட்டமும் போச்சு. குடுக்கலைன்னா தோக்கமாட்டேன், மூச்சு முட்டிக்கிட்டே கெடப்பேன்" என்று மனசுக்குள் கணக்குப் போடுவார். இரண்டு பக்கமும் அவருக்கு அத்துப்படி. எதிராளிக்கு அதில் பாதிகூடத் தெரியாது. ஆனால் பக்கத்தில் ஓடும் கடிகாரத்திடம் யார் 'பொறு' என்று சொல்வது? ஜெயிக்கவேண்டிய நிலையில் நேரம் தீர்ந்து தோற்றதுதான் அதிகம்.

மனைவிக்கு முதுகுத்தண்டில் கட்டி. அறுத்தால் வலி தீரும். ஆனால் இடது கால் விழுந்துபோகப் பத்தில் ஒரு வாய்ப்பு. விட்டால் காலும் இருக்கும், வலியும் இருக்கும். "நீங்களே யோசிச்சுச் சொல்லுங்க, உங்களுக்குத்தான் இதெல்லாம் வரும்" என்று அவள் அவரிடமே விட்டுவிட்டாள். அவரும் யோசித்தார். நான்கு மாதம் யோசித்தார்.

இன்று காலை மருத்துவர் புதுப் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "கட்டி வளந்திருக்கு. இப்போ பத்துல நாலு. அப்பவே வந்திருக்கலாமே சார்." சம்மதப் படிவத்தையும் பேனாவையும் கட்டிலோர மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

படிவத்தில் அவள் கையெழுத்து ஏற்கெனவே இருந்தது. பக்கத்துக் கட்டம் அவருக்கு. நாற்காலியில் உட்கார்ந்ததும் கைகள் தாமாகவே தொடைக்கு அடியில் போயின. பத்தில் ஒன்றாக இருந்ததைத் திருப்பித் திருப்பிப் பார்த்தே நாலாக்கிவிட்டோமே என்று நினைத்தார்.

அவள் சுவர்ப் பக்கமாகப் படுத்திருந்தாள். புரண்டால் வலியில் உயிர் போகும்.

"என்னங்க, இன்னும் பொறுக்கணுமா?"

வலது கையை உருவினார். மேசைமேல் பேனா லேசாக உருளும் சத்தம் கேட்டது.

"தொட்டுட்டீங்களா?" என்றாள், திரும்பாமலே.

அவர் விரலை எடுக்கவில்லை.