ஐஸ் கலெக்டர்

அறுப்புக்கூடத்தில் என் அப்பாவை எல்லோரும் ஐஸ் கலெக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். மாட்டின் இரைப்பைக்குப் பின்னால், வெளிறிய நிறத்தில் கணையம் என்று ஓர் உறுப்பு இருக்கிறது. அதைப் பிரித்தெடுத்து, கொழுப்பைச் சீவி, தகரத் தட்டில் ஐஸ் பரப்பி அடுக்கி வைப்பது அவர் வேலை. முன்பெல்லாம் அது நாய்க்குத்தான் போய்க்கொண்டிருந்தது. பிறகு ஒரு மருந்துக் கம்பெனி தினமும் மத்தியானம் வேன் அனுப்பி அதை வாங்கிக்கொண்டு போக ஆரம்பித்தது. மாட்டை அறுத்த அரை மணி நேரத்துக்குள் கணையம் ஐஸில் இருக்க வேண்டும், அவ்வளவுதான் கம்பெனி போட்ட நிபந்தனை.

அது என்ன மருந்துக்குப் போகிறது என்று அப்பா கேட்டதில்லை. அவருக்கு டீக்கடை முக்கியம். அங்கே போய் உட்கார்ந்தால் ஊர்க்கதை உலகக்கதை எல்லாம் பேசி முடித்துத்தான் எழுந்திருப்பார். கணையங்கள் சிமெண்ட் மேடையில் ஈ மொய்த்துக் கிடக்கும். வேன் வருகிற நேரத்துக்கு ஓடி வந்து, எல்லாவற்றையும் கழுவி, வாடியதை அடியில் போட்டு, அப்போதுதான் எடுத்ததை மேலே வைத்து, ஐஸை அள்ளிக் கொட்டிவிடுவார். வேன்காரர் மூடியைத் திறந்து பார்த்து மூடிவிடுவார்.

"மேல ரெண்டு பளபளன்னு இருந்தா போதும். அடியில எவன் கைய விட்டுப் பாக்கறான்?" என்று வீட்டில் சொல்லிச் சிரிப்பார். நாங்களும் சிரிப்போம். நானோ பள்ளிக்கூடத்தில், அப்பா ஐஸ் கம்பெனியில் மேனேஜர் என்று சொல்லி வைத்திருந்தேன். பொய் சொல்வதில் அப்பாவுக்குப் பிள்ளை தப்பாமல் பிறந்திருந்தேன்.

பதினோரு வயதில் நான் எலும்பும் தோலுமாக ஆனேன். குடம் குடமாகத் தண்ணீர் குடித்தேன், வகுப்பு நடக்கும்போதே நாலு தடவை எழுந்து ஓடினேன். ஆஸ்பத்திரி டாக்டரம்மா ரத்தத்தையும் சிறுநீரையும் பார்த்துவிட்டு, சர்க்கரை நோய், இனி ஆயுசுக்கும் இன்சுலின் ஊசி என்றார்.

அம்மா அழுதாள். டாக்டரம்மா அவளைத் தேற்றப் பார்த்தார். "ஐம்பது வருஷத்துக்கு முன்னாடி இந்த மருந்தே கிடையாதும்மா. இந்த நோய் வந்த பிள்ளைங்களுக்குச் சாப்பாட்டைக் குறைச்சுக் குறைச்சு, பட்டினி போட்டுத்தான் கொஞ்ச நாள் காப்பாத்தினாங்க. அப்புறம் யாரோ நாயோட கணையத்தை எடுத்து ஆராய்ச்சி பண்ணி இதைக் கண்டுபிடிச்சாங்க. இப்ப மாட்டோட கணையத்துலேர்ந்து, பன்றியோட கணையத்துலேர்ந்து எடுக்கறாங்க. ஒரு பிள்ளைக்கு ஒரு வருஷம் போடணும்னா எத்தனை மாடு வேணும் தெரியுமா?"

தினம் எத்தனை மாட்டின் கணையம் வேனில் போகிறது என்று அப்பாவுக்குத் தெரியும். வீடு வரும்வரை தன் கைகளையே பார்த்துக்கொண்டு நடந்தார்.

மறுநாளிலிருந்து டீக்கடை போயிற்று. அறுத்த கையோடு கணையத்தை எடுத்துக்கொண்டு ஐஸுக்கு ஓடினார். கூட வேலை செய்தவர்கள், கலெக்டருக்கு ஞானம் வந்துவிட்டது என்று கிண்டல் செய்தார்கள். ஆனால் இன்று எடுப்பது மருந்தாகிக் கடைக்கு வர எத்தனையோ மாதம் ஆகும் என்று அவர் கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தார். "இப்ப இவளுக்குக் குத்தறது நான் டீ குடிச்சுக்கிட்டு இருந்த காலத்துச் சரக்கு" என்று அம்மாவிடம் மெதுவாகச் சொன்னது என் காதில் விழுந்தது.

கண்ணாடி ஊசியைக் கொதிக்க வைத்து, மருந்தை ஏற்றி, எனக்குக் குத்துவது அப்பாதான். காலையில் சோதனையும் அவரே. சோதனைக் குழாயில் நீல மருந்து ஊற்றி, எட்டுச் சொட்டுச் சிறுநீர் விட்டு அடுப்பில் காட்டுவார். நீலமாகவே இருந்தால் நல்லது. பச்சை, மஞ்சள் என்று ஏற ஏறச் சர்க்கரை அதிகம். செங்கல் நிறம் வந்தால் ஆபத்து.

ஒரு வாரம் தொடர்ந்து செங்கல் நிறம் வந்தது. டாக்டரம்மா அளவைக் கூட்டிக் கொடுத்தும் இறங்கவில்லை.

காரணம் எனக்குத் தெரியும். அம்மா குளிக்கப் போகும்போது ஸ்டூல் போட்டு ஏறி, மேல் தட்டு டப்பாவிலிருந்து சர்க்கரையைக் கை கையாக அள்ளித் தின்றுகொண்டிருந்தேன். தொண்டை கமறும்வரை தின்றேன். இதை எழுதும்போதுகூட எனக்குக் கூசுகிறது.

"மருந்தக் கடைக்காரன் வெயில்ல வெச்சிருப்பான்" என்றாள் அம்மா.

"கடைக்காரன் இல்ல. நான்தான்" என்றார் அப்பா.

அன்றைக்கே என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கம்பெனிக்குப் போனார். வெள்ளைக் கோட்டுப் போட்ட கெமிஸ்ட் ஒருவர் மேஜைக்குப் பின்னால் இருந்தார். நாற்காலியைக் காட்டியும் அப்பா உட்காரவில்லை. டீக்கடை, ஈ, அடியில் போட்டது, மேலே வைத்தது என்று ஒன்று விடாமல் சொன்னார். "என் பொண்ணுக்கே வந்து சேந்துடுச்சு சார்" என்றார்.

கெமிஸ்ட் சத்தம் போடவில்லை. "கெட்டுப்போன கணையத்துலேர்ந்து மருந்து குறைவா வரும். வர்ற மருந்து சரியாத்தான் இருக்கும். நாங்க சோதிக்காம ஒரு பாட்டிலும் வெளிய விடறதில்ல. நூறு பாட்டில் வர வேண்டிய இடத்துல எழுபது வரும், அவ்வளவுதான்."

அப்பா நம்பவில்லை. தன் மனசு நோகக்கூடாது என்று கெமிஸ்ட் சொல்வதாக நினைத்துக்கொண்டார். செங்கல் நிறத்தை அவர் கண்ணால் பார்த்தவர் ஆயிற்றே. நான் பக்கத்தில் நின்றேன். "சர்க்கரை தின்னேன்" என்று இரண்டு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் அங்கேயே நிமிர்ந்திருப்பார். அடி விழும் என்ற பயத்தில் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

விஷயம் அறுப்புக்கூடத்துக்கு எட்டி, கணைய வேலையை அவரிடமிருந்து எடுத்துவிட்டார்கள். ரத்தக் கால்வாயைக் கழுவ ரப்பர் குழாயைக் கையில் கொடுத்தார்கள். "என்ன கலெக்டரே, டிரான்ஸ்பரா?" என்று கேட்டார்கள். ஓய்வு பெறும்வரை அதே குழாய்தான். அன்றோடு நான் சர்க்கரை டப்பாவைத் தொடவில்லை. சோதனைக் குழாய் மறுபடி நீலமாயிற்று. புது பாட்டில் நல்ல பாட்டில் என்று அப்பா முடிவு கட்டிக்கொண்டார்.

இருபத்தாறு வருடம் அப்படியே போயிற்று. ஒருநாள் கடையில் புதுவகை இன்சுலின் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து அப்பாவிடம் காட்டினேன். "இது மாட்டுலேர்ந்து எடுக்கறது இல்லப்பா. கிருமியை வளத்து, அதுகிட்டேர்ந்தே செஞ்சு வாங்கிடறாங்களாம்."

"நல்லது. கிருமி டீ குடிக்கப் போகாது" என்றார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "அந்த ஒரு வாரம் உனக்கு நான் வெறும் தண்ணியத்தானேம்மா குத்தினேன். நீ போயிருந்தா?" என்றார்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. சொல்லிவிட்டேன். டப்பா, ஸ்டூல், அம்மா குளிக்கப் போன நேரம், எல்லாம். "மருந்து நல்லாத்தான் இருந்துச்சுப்பா. நான்தான் திருட்டுத்தனமா தின்னேன்."

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றிருந்தது.

"அப்ப அந்தக் கெமிஸ்ட் சொன்னது நிஜமா?" என்று கேட்டார்.

"நிஜம்தான்பா."

"மருந்து கெட்டுப்போகல. குறைஞ்சு போயிருக்கு."

"ஆமாம்பா."

"அப்ப உனக்கு ஒண்ணும் ஆகல. வேற யார் வீட்டுப் பிள்ளைக்கோ கிடைக்காம போயிருக்கு."

என் பாரத்தை இறக்கி வைக்கத்தான் சொன்னேன். அதை அவர் தலையில் இறக்கினேன் என்பது அவர் முகத்தைப் பார்த்தபோதுதான் புரிந்தது. அதன் பிறகு நாலு வருடம் இருந்தார். அதுவரை நான் ஊசி போட்டுக்கொள்ளும்போது பக்கத்தில் வந்து உட்கார்ந்து அளவைச் சரிபார்ப்பவர், அதற்குப் பிறகு நான் மருந்தை எடுத்தாலே எழுந்து வெளியே போய்விடுவார்.