ஹேண்டில் இரிக்கா?

சம்மாந்துறை நெல் ஆலையில் எஞ்சின் ஓட்டும் அச்சிமுகம்மது, என் மூத்த சகோதரி றாஹிலா ராத்தாவின் கணவர். எங்கள் தெருவில் முதன்முதல் பட்டம் எடுத்தவன் நான். பேராதனையில் விரிவுரையாளர்களையே வாதாடி மடக்கியிருக்கிறேன். இந்த ஒரு மனிதரை மட்டும் ஒருநாளும் வென்றதில்லை.

ஆலைக்கு மின்சார மோட்டார் வந்த பிறகும் பழைய டீசல் எஞ்சினை விற்கவிடாமல் முதலாளியோடு மல்லுக்கு நின்றவர் அவர். அந்த எஞ்சினை ஹேண்டில் போட்டுச் சுற்றித்தான் கிளப்ப வேண்டும். ஒருமுறை அது திருப்பி அடித்து அவருடைய வலது மணிக்கட்டை முறித்தது. எலும்பு கோணலாகவே பொருந்தியது. அப்படியும் ஹேண்டிலில்தான் நம்பிக்கை.

"கறண்டு எண்டது ஊட்டோட இரிக்கிற மருமகன் மாதிரி. எப்ப கோவிச்சிட்டுப் போகும் எண்டு சொல்லேலா."

"நீங்களும் எங்கட ஊட்டு மருமகன்தானே, மச்சான்?"

"அதாலதான் சொல்றன்."

இப்படிப்பட்டவருக்கு, பிறவியிலேயே இதயத்தில் ஓட்டையோடு ஒரு மகள். உம்முவுக்கு அப்போது ஆறு வயது. கொஞ்சத் தூரம் நடந்தாலே உதடு நாவற்பழம்போல் கறுத்துவிடும். நடுத்தெருவென்றும் பாராமல் குந்திவிடுவாள். குந்தினால்தான் மூச்சுத் தெளியும்.

கல்முனையில் பார்த்த வைத்தியர் கொழும்புக்கு அனுப்பினார். அது 1981. அங்கே சத்திரசிகிச்சைக்கு நாளும் கிடைத்தது. அவளுடைய வாப்பாவான மச்சானின் ஒப்பம்தான் பாக்கி. கொழும்பு வைத்தியருக்குத் தமிழ் தெரியாது. மச்சானுக்கு ஆங்கிலம் தெரியாது. இருவருக்கும் நடுவில் நான்.

"மச்சான், ஓட்டையத் தைக்கிற மட்டும் புள்ளைட இதயத்த நிப்பாட்டி வைப்பாங்க. அந்த நேரம் ஒரு மெசின்தான் இரத்தத்த உடம்பெல்லாம் ஓட வைக்கும்."

ராத்தா அழத் தொடங்கினாள். மச்சான் என்னைப் பார்த்தார்.

"மெசின் எதுல ஓடுது?"

"கறண்டுல."

"கறண்டு போனா?"

"ஜெனரேட்டர் இரிக்கு."

"அது ஸ்டார்ட் ஆகாட்டி?"

இதையெல்லாம் அந்தப் பெரிய மனிதரிடம் எப்படிக் கேட்பது? நான் தயங்கியதைக் கண்டு மச்சானே எழுந்தார். கோணல் கையால் காற்றில் ஹேண்டில் சுற்றினார். வாயால் 'டுக்டுக்டுக்' என்று எஞ்சினையும் ஓட்டினார். வலிப்பு ஏதுமோ என்று வைத்தியர் என்னிடம் கேட்டார்.

"ஹேண்டில் இரிக்கா எண்டு கேளுடா! இல்லாட்டி நான் ஒப்பம் வைக்க மாட்டன்."

"புள்ள மூச்சுக்குத் தவிக்கிது, ஒங்களுக்கு ஹேண்டில்!" என்று ராத்தா தலையில் அடித்துக்கொண்டாள்.

கேட்டுத் தொலைத்தேன். வைத்தியர் சிரித்துவிட்டு, அந்த மெசினை இயக்கும் இளைஞனை அழைப்பித்தார். அவன் கையில் கட்டையான ஓர் இரும்பு ஹேண்டில். எல்லாம் கைவிட்டால் அதைப் போட்டுக் கையால் சுற்றுவார்களாம்.

மச்சான் அதை வாங்கிப் பாரம் பார்த்தார். திருப்பிக் கொடுத்துவிட்டு, இளைஞனின் புயத்தைப் பிடித்து அமுக்கினார்.

"இதென்ன, முருங்கக் கொப்பு! நானும் உள்ளுக்க நிக்கிறன் எண்டு சொல்லு."

"இவர் உங்களுக்கு நன்றி சொல்கிறார்," என்றேன் ஆங்கிலத்தில். வைத்தியர் தலையசைத்தார்.

"என்னவாம்?"

"வெளியில நிக்கட்டாம். தேவையெண்டா கூப்பிடுவாங்களாம்."

வேறு என்ன செய்ய? ஒப்பம் விழுந்தது.

சத்திரசிகிச்சை நாளன்று மச்சான் சட்டைக் கையை மடித்துவிட்டு சத்திரசிகிச்சைக் கூடத்தின் வாசலில் உட்கார்ந்தார். கண் முழுக்க நடைவழியின் மின்விசிறியில். அது சுற்றும் வரைக்கும் கறண்டு இருக்கிறது என்பது அவர் கணக்கு. தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

பகல் திரும்பியதும் யாரோ ஒரு சிற்றூழியர் போகிற போக்கில் விசிறியை அணைத்துவிட்டுப் போனார்.

"கறண்டு போச்சு!" மச்சான் சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு கதவை நோக்கிப் பாய்ந்தார். நானும் காவலாளியும் பிடித்தோம். இருவரையும் இழுத்துக்கொண்டே போனார். "விடுடா! கூப்பிடுவம் எண்டுதானே சொன்னாங்க! அந்தப் பொடியன்ட கை தாங்காதுடா!"

"பேன் மட்டும்தான், மச்சான்! மேல பாருங்க, லைட் எரியிது!"

நம்பவில்லை. காவலாளி போய் விசிறியைத் திரும்பப் போட்டபின்தான் நின்றார். அப்படியே தரையில் குந்தி, மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

பின்னேரம் வைத்தியர் வெளியே வந்தார். ஓட்டை தைக்கப்பட்டது, இதயம் தானாகவே துடிக்கிறது என்றார். மச்சானுக்குச் சொன்னேன்.

"அல்ஹம்துலில்லாஹ்," என்றார். மூச்சு விடவில்லை, அடுத்த கேள்வி: "ஹேண்டில் போட்டாங்களாமா?"

"தேவைப்படல்ல."

"பொடியன் தப்பினான்."

ஐந்து வருடம் போயும் அவர் என்னை விடுவதாக இல்லை. நேற்று ஆலை வாசலிலும் அதே சண்டை.

"அண்டைக்கி நீ என்னப் புடிச்சி வெச்சாய். உண்மையாக் கறண்டு போயிருந்தா?"

"ஜெனரேட்டர் இரிந்திச்சி, மச்சான்!"

"அது ஸ்டார்ட் ஆகாட்டி?"

வாப்பாவுக்குச் சோறு கொண்டு உம்மு வீட்டிலிருந்து ஓடியே வந்தாள், வழியில் எங்கும் குந்தாமல்.

"மாமா, வாப்பா, ரெண்டு பேரும் கத்தாம இரிங்க. சந்தி வரைக்கும் கேக்கிது."