பாக்கியம் ஆன்டியின் ஜீப்பை யாரும் உயர்த்த வேண்டாம்

பாக்கியம் ஆன்டி இன்று காலை இறந்துவிட்டார். தூக்கத்திலேயே போய்விட்டாராம்... அவர் மகன் சுரேஷ் அண்ணன் வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தார்.

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் பூக்கடை வைத்திருந்தாரே, பழைய பச்சை ஜீப்பில் வருவாரே, அவர்தான்.

நான் இங்கே எழுதுகிறவள் இல்லை. லைக் போட்டுவிட்டுப் போகிறவள். ஆனால் இன்று இந்தப் பதிவின் கடைசியில் ஒரு விஷயம் சொல்ல வேண்டியிருக்கிறது.

பதினைந்து வயதில் ஃபார்ம் த்ரீயோடு படிப்பை விட்டுவிட்டு, கிள்ளானில் ஒரு ஃபோர்வீல் கடையில் கவுண்டர் வேலைக்குச் சேர்ந்த புதிது. பழைய ஜீப்புகளை உயர்த்தி, பெரிய டயர் மாட்டித் தரும் கடை. முழுக்க ஆண்கள். ரசீது எழுதுவேன், தலையாட்டுவேன். அவ்வளவுதான்.

ஆன்டி வந்தது அப்போதுதான்.

ரவாங் தாண்டி, அவர் பிறந்த ரப்பர் தோட்டத்தில் ஒரு மாரியம்மன் கோயில் இருக்கிறது. அங்கே இருந்தவர்கள் எல்லாம் இப்போது ஃப்ளாட்டுகளில். ஆடித் திருவிழாவுக்கு மட்டும் போவார்கள். நடக்க முடியாத அம்மாக்களை ஆன்டிதான் ஜீப்பில் ஏற்றிப் போவார். அதற்கு முந்தைய வருடம் மழை... செம்மண் பாதையில் ஜீப்பின் அடி தட்டிப் பாதியிலேயே நின்றுவிட்டது. அம்மாக்கள் சாமியைப் பார்க்காமலே திரும்பினார்கள்.

"இந்த வருசம் கோயில் வாசல்லயே எறக்கிவிடணும். என்ன செய்யணுமோ செய்யுங்க."

பாஸ் உடனே சொன்னார். "நாலு இஞ்ச் லிஃப்ட் கிட், முப்பத்து மூணு இஞ்ச் டயர். யானை மாதிரி போகும் லா ஆன்டி."

மெக்கானிக் குணா அண்ணனுக்குப் பிடிக்கவில்லை. "பழைய இன்ஜின் பாஸ். அவ்ளோ பெரிய டயர இழுக்க மூச்சு வாங்கும். ஸ்டியரிங் ஒடிச்சா மட்கார்டுல ஒரசும். ரெண்டு இஞ்ச், முப்பத்தொண்ணு போதும்."

"போதும் போதும்னு சொல்லித்தான் நீ இன்னும் கப்சாய் பைக் ஓட்டுற."

"அது மலை ஏறுது லா பாஸ். உங்க வண்டி ஏறுதா?"

ஆன்டி இரண்டு பேரையும் விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "ஏம்மா, நீ சொல்லு."

ரசீதுப் புத்தகத்தை மூடிவைத்தேன். எப்படியோ வாயில் வந்துவிட்டது...

"சேலை கட்டிட்டு எப்படி ஆன்டி ஏறுவாங்க?"

ஆன்டி கை தட்டினார். "அப்படிக் கேளு!"

சும்மா விட்டாரா? ஜீப்பிலிருந்து ஒரு சேலையை எடுத்து என் ஜீன்ஸ் மேலேயே சுற்றிவிட்டார். குணா அண்ணன் ஜீப்பை வண்டி தூக்கும் ஹோய்ஸ்டில் ஏற்றி, பாஸ் சொன்ன உயரத்தில் நிறுத்தினார். "ஏறு," என்றார் ஆன்டி.

முழங்கால் நெஞ்சுக்கு வந்தது. சேலை கதவில் மாட்டிக்கொண்டது. பட்டறையே வேடிக்கை பார்த்தது. நான் செத்தேன் என்று நினைத்தேன்.

"எல்லாம் அந்தப் பக்கம் திரும்புங்கடா! புள்ள வண்டிதான் ஏறுது, மேடை ஏறல." ஆன்டி அதட்டினார்.

பிறகு குணா அண்ணனிடம், "இன்னும் கொஞ்சம் எறக்கு... இன்னும் கொஞ்சம்... நிறுத்து. இதுல எங்க செட்டு ஏறும்."

குணா அண்ணன் சொன்ன உயரம்தான். கூடவே ஆன்டி, கழற்றி மாட்டுகிற மாதிரி ஒரு இரும்புப் படியும் செய்யச் சொன்னார். சேற்றில் படி தட்டக் கூடாதே.

வண்டி எடுக்கிற அன்று பூஜை. எலுமிச்சை வாங்கப் போன குணா அண்ணன், கிடைக்கவில்லை என்று குட்டிக் குட்டி லீமாவ் கஸ்தூரிப் பழங்களை வாங்கி வந்து டயருக்கு அடியில் வைத்துவிட்டார். சேற்று டயரின் பற்களுக்கு நடுவே இடைவெளி பெரிது. ஜீப் நகர்ந்ததும் மற்றவை நசுங்கின, ஒன்று மட்டும் டயர் பல்லுக்குள் புகுந்து, நசுங்காமல் டயரோடு சுற்றி மேலே வந்தது.

பாஸ் முகம் வெளுத்துவிட்டது. "ஆன்டி... நசுங்கலன்னா ஆகாது லா. மறுபடி வைக்கலாம்."

ஆன்டி ஸ்க்ரூ டிரைவரால் அதைத் தோண்டி எடுத்தார். முந்தானையில் துடைத்தார். அப்படியே தன் தே ஓ ஐஸ் டீயில் பிழிந்துவிட்டார்.

"ஆன்டி, டயர்ல இருந்தது லா!"

"புது டயர்தானே? சேத்தையும் இப்படித்தான் கவ்வும். நல்ல டயர்."

அந்த ஆடியிலும் மழைதான். ஜீப் எங்கேயும் நிற்கவில்லை. பொங்கல் பானைகளோடு நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன். கோயில் வாசலில் படியை மாட்டினேன்... ஒவ்வொரு அம்மாவும் சேலையைப் பிடித்துக்கொண்டு, தானே இறங்கினார்.

திரும்பும்போது ஆன்டி சொன்னார். "பதினேழு வயசானதும் லைசன்ஸ் எடு. ஆட்டோ வேணாம். மேனுவல்."

எடுத்துவிட்டேன்.

இன்று மதியம் அவர் வீட்டில், அந்த அம்மாக்கள் எல்லாரும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். சுரேஷ் அண்ணனிடம் யாரோ ஜீப்பை விலைக்குக் கேட்டார்கள். இன்னும் உயர்த்திப் பெரிய டயர் போட்டு, ஆற்றில் இறக்கி விளையாட வேண்டுமாம்.

"எனக்கு மேனுவல் ஓட்ட வராது. சும்மா நின்னு துருப்பிடிக்கும்," என்றார் அண்ணன். கோபத்தில் இல்லை, அழுகையில்.

ஒரு அம்மா மெதுவாகக் கேட்டார். "அப்ப இந்த ஆடிக்கு?"

"நான் ஓட்டுறேன் அண்ணே," என்றேன். சத்தமாகத்தான். "ஒசரத்துல மட்டும் கை வைக்காதீங்க."

அண்ணன் என்னை நிமிர்ந்து பார்த்தார். "நீ பேசுவியா?"

சாவி இப்போது என் பையில் இருக்கிறது.

இதுதான் நான் சொல்ல வந்தது... அந்த அம்மாக்களின் வீட்டில் யாராவது இதைப் படித்தால் சொல்லிவிடுங்கள். ஆடிக்கு ஜீப் வரும். படியும் இருக்கும். சேலை கட்டிக்கொண்டே வரலாம்.

போய் வாருங்கள் ஆன்டி. நீங்கள் நிறுத்தச் சொன்ன உயரத்தில்தான் இருக்கிறது.