தவக்காலத்துப் புரசம்பூ

பக்கவாதம் வந்து நாலு மாதமாகக் கட்டிலில் கிடந்த மனுஷன், மாசி மாதத்தில் ஒருநாள் காலையில் ஜன்னலைப் பார்த்தபடி "புரசு" என்றார். அதுவரை என் வீட்டுக்காரர் வாயிலிருந்து வந்ததெல்லாம் வெறும் 'ம்'தான். கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, "இன்னொரு தடவ சொல்லுங்க" என்றேன். மறுபடியும் ஜன்னல் பக்கமே திரும்பிக்கொண்டார்.

எனக்குப் புரிந்துவிட்டது. கல்யாணமான புதிதில் ஒரு மத்தியானம் என்னை வண்டியில் ஏற்றிக்கொண்டு ஏதோ ஒரு மலையடிவாரத்துக்குப் போனார். இலையெல்லாம் கொட்டிப்போய், கிளை முழுக்கச் செக்கச்செவேலென்று பூத்து நின்ற புரசமரங்களைக் காட்டினார். "இதுக்கா இத்தன தூரம் பெட்ரோலு போட்டுக்கிட்டு வந்தீங்க?" என்று கேட்டவள் நான். போன வழியையும் பார்க்கவில்லை. வெயிலுக்கு முந்தானையை முகத்தில் இழுத்துவிட்டுக்கொண்டு அவர் முதுகில் சாய்ந்து தூங்கிவிட்டேன்.

நடக்க வையுங்கள், நடந்தால்தான் தேறுவார் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இவரோ அறையை விட்டு வெளியே வரமாட்டேன் என்று ஊன்றுகோலைத் தூக்கி எறிந்தார். அந்தப் பூவைக் கண்டுபிடித்தால் வாசலைத் தாண்டுவார் என்று என் மனதில் பட்டது. பட்டதிலிருந்து ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. ஆபீசில் ஃபைலைப் பிரித்தால் எழுத்து ஓடவில்லை. ஒரு கோடைமழை பெய்தால் போதும், எல்லாம் உதிர்ந்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்ததும் நாத்தனாரை அவருக்குத் துணைக்கு வைத்துவிட்டு, தருமபுரியிலிருந்து ஸ்கூட்டரில் காரிமங்கலம் பக்கம் போனேன். டீக்கடைக்காரரிடம், "இந்தப் பக்கம் எங்கீங்க பூ பூத்திருக்குது?" என்று கேட்டேன்.

"சாமந்தியா, குண்டுமல்லியாங்க? எத்தன கிலோ வேணும்?"

"வாங்கறதுக்கு இல்லீங்க. பாக்கறதுக்கு."

"பாக்கறதுக்கா?" என்று டம்ளரைக் கழுவுவதை நிறுத்திவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். எங்கள் ஜில்லாவில் பூ என்றால் தோட்டம், மூட்டை, மார்க்கெட். அன்றைக்கு மூன்று சம்பங்கித் தோட்டம் பார்த்ததுதான் மிச்சம்.

அடுத்த வாரம் ஏரியூர். அங்கேயும் அதே கதைதான். ஒரு விவசாயி தன் சாமந்திக் காட்டைப் பெருமையாகச் சுற்றிக் காட்டினார். கிளம்பும்போது ஒரு கை பூவை அள்ளி, "தலைக்கு வெச்சுக்கங்கம்மா" என்று நீட்டினார். நாங்கள் ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம் நாற்பது நாளும் தலையில் பூ வைப்பதில்லை. பிறந்ததிலிருந்து நான் தப்பாத வழக்கம் அது. "நான் பூ வெக்கறதில்லீங்க" என்றேன்.

அவர் நீட்டிய கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டார். "தெரியாம குடுத்துட்டனுங்கம்மா. மனசுல வெச்சுக்காதீங்க" என்று தலையைக் குனிந்துகொண்டார்.

எதற்கு மன்னிப்புக் கேட்கிறார் என்று விளங்க எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. விளங்கியதும், சிலுவை கோத்த தாலியை வெளியே எடுத்துப் போட்டு, "எங்கூட்டுக்காரரு நல்லா இருக்காருங்க" என்று கத்திவிட்டேன். பாவம், அவர் என்ன செய்வார். வீடு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் போய்க் கட்டிலைப் பார்த்தேன். தூங்கிக்கொண்டிருந்தார். மூச்சு வருகிறதா என்று நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மூன்றாவது வாரம் பாப்பிரெட்டிப்பட்டி தாண்டி, சித்தேரி மலையடிவாரம். இந்தமுறை பூ என்று வாயே திறக்கவில்லை. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம், "சாப்பாட்டு எல தைக்கறதுக்குப் புரச எல எங்கம்மா பறிப்பீங்க?" என்று கேட்டேன்.

"அந்த ஓடைக்கு அந்தாண்டதான். ஆனா இப்பப் போயி என்னா பண்ணுவ? எல ஒண்ணுகூட இல்ல. வெறும் பூவுதான் நிக்குது, ஒண்ணுத்துக்கும் ஆவாது" என்றாள்.

அவளைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

வருகிற ஞாயிற்றுக்கிழமை அவரைக் கூட்டிக்கொண்டு போகலாம் என்றிருந்தேன். வியாழக்கிழமை ராத்திரியே மழை பிடித்துக்கொண்டது. எனக்குத் தூக்கம் போயிற்று. விடிந்ததும் லீவு சொல்லிவிட்டு ஆட்டோவை வரவழைத்து, "புரசு பாக்கப் போலாம், வாங்க" என்றேன். ஊன்றுகோலுக்கு அவராகவே இடது கையை நீட்டினார்.

போய்ப் பார்த்தால் பாதிப் பூ தரையில் கிடந்தது. வந்த ஆத்திரத்தில் மழையைத் திட்டிக்கொண்டே இருந்தேன். அதற்குள் அவர் ஆட்டோவிலிருந்து காலை இறக்கிவிட்டார். என் தோளைப் பிடித்து, நின்று நின்று, மரம்வரை நடந்தார். வருஷங்களுக்கு முன்னால் வந்த இடம் இதுதானா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கீழே கிடந்ததில் நல்ல பூவாக ஒன்றை எடுத்து, "இந்தாங்க, உங்க பூவு" என்று அவர் கையில் கொடுத்தேன்.

மரத்தில் சாய்ந்துகொண்டு, அந்தப் பூவை என் தலைக்குக் கொண்டுவந்தார்.

"தவக்காலமுங்க" என்றேன்.

கையை இறக்கவில்லை. ஏரியூர்க்காரர் பின்னுக்கு இழுத்துக்கொண்ட கை என் கண்ணுக்குள் வந்தது. குனிந்தேன். இரண்டு தடவை பூ நழுவி விழுந்தது, இரண்டு தடவையும் எடுத்துக் கொடுத்துவிட்டுக் குனிந்தேன். மூன்றாவது தடவை நின்றது.

அன்று சாயங்காலம் சிலுவைப்பாதை ஜெபத்துக்கு அப்படியே போனேன். பக்கத்தில் முழங்கால் போட்டிருந்த ஓர் அக்கா, "என்னங்க இது, தவக்காலத்துல பூவு?" என்று காதருகே கேட்டாள்.

"எங்கூட்டுக்காரரு வெச்சு வுட்டாரு" என்று சொல்லிவிட்டு, பூ தெரிகிற அளவுக்கு முக்காட்டைப் பின்னால் தள்ளிக்கொண்டேன்.