தலையாட்டினால் செல்லாது

“தலையாட்டக் கூடாதும்மா. ஜட்ஜ் கேட்டா வாயத் தொறந்து ‘சம்மதம்’னு சொல்லணும். தலையாட்டுறதெல்லாம் பதிவுல ஏறாது.”

குடும்ப நீதிமன்ற வராந்தாவில் என் தங்கைக்கு இப்படிப் பாடம் நடத்தியவர் வக்கீல் இல்லை. கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவர். தன் சொந்த விவாகரத்து வழக்கை இழுத்தடித்தே ‘வாய்தா அண்ணன்’ என்று பெயர் வாங்கியவர். அதை யாரோ மேடை போட்டுக் கொடுத்த பட்டம் போலச் சுமந்து திரிகிறார்.

பேசும்போது கை சும்மா இருக்காது. எதிரில் இருப்பவரின் மூக்குக்கண்ணாடியைக் கேட்காமலே கழற்றி, சட்டைப்பையிலிருந்து குட்டித் திருப்புளியை எடுத்து முடுக்கத் தொடங்கிவிடுவார். கண் தெரியாமல் விழிப்பவர் வேறு வழியின்றிச் சட்டம் கேட்பார்.

“ஜீவனாம்சம் தண்டனை இல்ல சார், அவங்க பொழைக்க வழி. பிள்ளை யார்கிட்டன்னா, அப்பா பெருசா அம்மா பெருசான்னு பாக்க மாட்டாங்க. பிள்ளைக்கு எது நல்லதுன்னுதான் பாப்பாங்க. ரெண்டு பேரும் சேர்ந்து மனு போட்டா, யோசிக்கக் கொஞ்ச காலம் விடுவாங்க. அப்புறம் வந்து ரெண்டு பேரும் சம்மதம் சொல்லணும். ஒருத்தர் மாட்டேன்னாலும் அத்தோட சரி.”

அவருடைய மனுவும் அப்படிச் சேர்ந்து போட்டதுதான். யோசிக்கிற காலம் எப்போதோ முடிந்துவிட்டது. ஒரு தடவை வயிற்றுவலி, ஒரு தடவை வக்கீலுக்குக் காய்ச்சல். இன்னொரு தடவை, கண்ணாடிக்கடைக்காரர் கண்ணாடியை மறந்து வந்துவிட்டாராம்.

போன தடவை அவர் மனைவியின் தம்பி பக்கத்தில் வந்து பவ்யமாக உட்கார்ந்தான். “மாமா, எதிர்ப்பக்கம் சும்மா சும்மா வாய்தா கேட்டா என்ன பண்றது?”

கொஞ்சம் சுதாரிப்பு உள்ளவர் வாயை மூடியிருப்பார். நம்மவருக்கோ சந்தேகம் என்று ஒருவர் வந்துவிட்டால் போதும், உச்சி குளிர்ந்துவிடும். “‘இதுதான் கடைசி வாய்ப்பு’ன்னு ஜட்ஜை எழுத வெச்சிடணும் மாப்ளே! அப்புறம் ஆள் அசைய முடியாது.” அன்று மத்தியானமே மைத்துனன் தரப்பு வக்கீல் அதைக் கேட்டு வாங்கிவிட்டார்.

அந்தக் கடைசி வாய்ப்பு இன்றைக்கு.

எதிர் பெஞ்சில் அவர் மனைவி இருந்தார். அந்த அம்மாளின் கண்ணாடி மூக்கில் சரிந்துகொண்டே இருந்தது; விரலால் தள்ளிவிட்டுக்கொண்டே இருந்தார். அண்ணன் திருப்புளியைக் கையில் வைத்துக்கொண்டு அதையே பார்த்தார்.

“பிடிக்கலைன்னா மாட்டேன்னு சொல்லிடுங்களேன்,” என்றேன்.

“கோவத்துல மொதல்ல கையெழுத்துப் போட்டவனே நான்தான். போறேங்கிறவளப் பிடிச்சு வைக்க எனக்கு என்ன யோக்கியதை இருக்கு? வாய்தா அன்னைக்கு மட்டுந்தான் சார் அவ என் முன்னாடி உக்காருறா.”

அதுவரை அவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்த எனக்கு மனசு கனத்துவிட்டது.

கூப்பிட்டார்கள். கதவு ஒருக்களித்திருந்தது. மனைவி “சம்மதம்” என்றது வராந்தா வரை தெளிவாகக் கேட்டது.

“நீங்க?” என்றார் நீதிபதி.

அண்ணன் தலையாட்டினார்.

“வாயத் தொறந்து சொல்லுங்க.”

அவர் மனைவியின் பக்கம் திரும்பினார். அந்த அம்மாள் கண்ணாடியைத் தள்ளிவிட்டுக்கொண்டு அவரை நிமிர்ந்து பார்த்தார். அண்ணன் மறுபடியும் தலையைத்தான் ஆட்டினார்.